மரத்தைக் கழித்தபின்

பதினான்காம் கொண்டை ஊசி வளைவில்
மடியிலிருந்த ஐஸ் பெட்டி ஒருக்களித்தது.
உள்ளே முப்பத்தாறு இலைநரம்பு.
நாகலூர், சடைச்சி தோட்டம்,
மேற்கு வரிசை, ஏழாம் மரம்.
பென்சிலில் எழுதினால்தான் ஈரத்தில் அழியாது.

"மீன் வாடையும் இல்ல, என்னம்மா உள்ள?"
பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார்.
நோய் என்றேன்.
எழுந்துபோய் முன்னால் நின்றுகொண்டார்,
ஏற்காடு அடிவாரம் வரை.

ஆரஞ்சு என்று அந்தக் காய்களைச் சொல்லக்
கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.
காம்புப் பக்கம் பழுப்பு, அடிப்பக்கம் பச்சை,
கோணல் மூஞ்சி,
உள்ளே விதை கறுத்துச் சப்பி.
ஒரு சுளை கடித்தேன். நாலு வளைவு வரை
நாக்கில் இருந்தது.

சத்துக் குறை என்றால்
நடுநரம்பின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வெளுக்கும்.
இது அப்படி நியாயம் பார்ப்பதில்லை.
இடப்பக்கம் ஒரு மஞ்சள்
வலப்பக்கம் வேறு மஞ்சள்.
சடைச்சிக்கு என் வயசுதான், முப்பத்தி நாலு.
மூன்று தடவை துத்தநாகம் தெளித்திருக்கிறாள்
மிளகு விற்ற காசில்.
தளிரில் வாலைத் தூக்கி உட்கார்ந்திருந்ததை,
எள்ளில் பாதிகூட இல்லை,
விரலால் நசுக்கிக் காட்டினாள்.
"இதுவா?"
இது வண்டி, என்றேன். ஆள் உள்ளே இருக்கிறான்.

அஸ்தம்பட்டியில் மாடி அறை.
அந்த ஆளைத் தட்டில் நிலையாய் வளர்த்துக் காட்டியவர் இல்லை.
சர்க்கரை வைத்தார்கள், ரத்தம் வைத்தார்கள்,
ஆரஞ்சுச் சாறே வைத்துப் பார்த்தார்கள்.
மரத்தின் சாறோட்டத்தை விட்டு வெளியே தங்க மாட்டான்.
அதனால் பெயருக்கு முன்னால்
வேட்பாளர் என்று போட வேண்டும், விதி.
தோட்டம் தோட்டமாக ஜெயித்த பிறகும்
வேட்பாளர்.

வளர்க்க முடியாததைப் படிக்கலாம்.
மரத்தோடு சேர்த்து அரைத்து
எல்லாவற்றையும் படித்து
மரம் என்று தெரிவதையெல்லாம் கழிக்க வேண்டும்.
நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மரம்.

இரண்டரைக்கு மின்சாரம் போனது.
பேட்டரி கீச்சிட்டது, கீழ்வீட்டு நாய் பதில் சொன்னது.
விசைப்பலகையில் தட்டுவடைத் தூள்.
விடிகிறபோது வட்டம் மூடியது.
பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம் எழுத்து,
தலையும் வாலும் ஒரே இடத்தில் வந்து பொருந்தின.
நாற்காலியை விட்டு எழுந்தேன்.
யாரும் இல்லாததால் மறுபடி உட்கார்ந்தேன்.

சின்ன வீடு. சமையல் பாதி தெரியாது.
பக்கத்து அடுப்பின் நெருப்பை
எடுத்துவர மட்டும் ஒரு கதவு.
அந்தக் கதவுக்கான வரியைக் கண்டுபிடித்தேன்.
மற்ற வரிகளைப் போலவே
ஏ டி ஜி என்றுதான் ஆரம்பிக்கிறது.
கெட்டது என்று எங்கும் எழுதியில்லை.

எட்டு மணிக்கு அவளே கூப்பிட்டாள்.
"படிச்சாச்சா? என்ன எழுதியிருக்கு?"
சொன்னேன், கதவு வரை.
"மருந்து?"
இதில் இல்லை. இப்போதைக்கு இல்லை.
பின்னால் மோட்டார் ரம்பம் ஏறி இறங்கியது.
"ஏழாவதத்தான் அறுக்கறாங்க.
அரைச்சீங்களே, அதுல மரத்தோட எழுத்தும் இருந்திருக்கும்ல?"
இருந்தது. கழித்துவிட்டோம்.
"எவ்ளோ?"
நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு.
ரம்பம் நின்றது. சில்வர் ஓக்கில் காற்று.
"அவ்ளோத்தையுமா," என்றாள்.
கேள்வியாகக் கேட்கவில்லை.

வேண்டாதவை என்ற கோப்புறையில்
இன்னும் அழிக்காமல் கிடந்தது,
துண்டு துண்டாய்,
எது கிளை எது வேர் என்று சொல்லாமல்.
பெயரை மட்டும் மாற்றினேன்:
நாகலூர், மேற்கு வரிசை, ஏழு.

எட்டாம் மரம் ஐஸில் காத்திருக்கிறது.
வட்டில் இடம் போதாது என்று
திரை சிவப்பில் சொல்கிறது.