பதினேழாவது கொண்டை ஊசி

திம்பம் மலையில்
பதினேழாவது வளைவின் குவியாடியை
வெள்ளிதோறும் ஏணி போட்டுத் துடைக்கிறேன்.
புடைத்த கன்னம் அதற்கு.
விழுந்த ஒளியை விசிறியாய் விரித்துவிடும்.
அதனால்தான் அந்தப்பக்கச் சாலை மொத்தமும்
ஒரு சோற்றுத்தட்டுக்குள் அடங்கி நிற்கிறது,
நிமிர்ந்தபடி, சிறுத்தபடி.

கரும்பு லாரி தீப்பெட்டி.
யானை சுண்டைக்காய்.

போன மாசி இருட்டில்
சங்ககிரி வண்டிக்காரர் செங்கோட்டுவேலு
கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்:
"அது அக்கட்டால நிக்குதுங்க, போயிரலாம்."
"சுண்டைக்காயை நம்பாதீங்க" என்றேன்.
எஞ்சினை அணைத்தார்.
வளைவு திரும்பியதும்
அது லாரியைவிட உயரம்.
நாலு கரும்பை உருவிக்கொண்டு,
போகிற போக்கில்
கண்ணாடியையும் துதிக்கையால் முகர்ந்தது.
ஒரே சளி.
அன்றைக்கு வெள்ளிகூட இல்லை.

வீட்டில் சவரக் கண்ணாடி வேறு சாதி, குழியாடி.
கிட்டப் போனால்
மோவாய்ப் பருவைக் குன்றாக்கும்.
எதிர்ச்சுவர் வரை ஒதுங்கினால்
என்னைத் தலைகீழாய்த் தொங்கவிடும்.
இரண்டையும் மாற்றி மாட்டினால்
மைசூர் பஸ் வானத்தில் ஓடும்;
நான் தாடை தெரியாமல் அறுத்துக்கொள்வேன்.

இன்று துணியோடு நெருங்குகிறேன்.
மூக்கு மட்டும் பெருத்த ஒருவன்.
அவன் காதோரம்
நான் திரும்பிப் பார்க்காத சாலை,
மூங்கில், மூடுபனி,
மஞ்சளாய் இரண்டு புள்ளி.

திரும்பாமலே
கை காட்டுகிறேன்:
மெதுவா.