முன்பக்கத் துறை

மூன்றாம் நாளாகக் காற்று.
புன்டா அரேனாஸில் துறையை மூடிவிட்டார்கள்.
'படகு இல்லை' என்று டிக்கெட் சன்னலில் நான் தொங்கவிட்ட அட்டையையும்
காற்றே கொண்டுபோயிற்று.
நீரிணைக்கு அந்தப்புறம் போர்வெனிர்.
இந்தப்புறம் பதினொரு லாரி,
ஒரு வேன் நிறைய ஆட்டுக்குட்டி,
வேலையற்ற நான்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைப் படுக்கப் போட்டேன்.

நானே பூட்டியது.
போர்டு ஒருவரிடம், பவர் சப்ளை இன்னொருவரிடம்,
கேபினட் மட்டும் மூடிப்போன ஓர் இன்டர்நெட் கடையில்,
பழைய இரும்பு விலைக்கு.
அதன் முகத்தில் இரண்டு யூஎஸ்பி.
செல்போனைச் செருகினால் சார்ஜ் ஏறுகிறது.
பென்டிரைவைச் செருகினால் அதன் பொட்டு விளக்கு எரிகிறது.
திரை மட்டும்
இன்னாரென்று தெரியவில்லை என்கிறது,
கடன் கேட்டு வந்தவனைப் பார்த்த
சொந்தக்காரன் மாதிரி.

பின்பக்கம் நான்கும் நன்றாகத்தான் இருக்கின்றன.
ஆனால் பின்பக்கம் என்பது
சுவர், ஹீட்டர் குழாய், தூசி,
என் இடது முழங்கால்.

செய்யாதது இல்லை.
டிரைவரை அழித்து மறுபடி ஏற்றினேன்.
பயாஸுக்குள் போய்
எதையாவது தூங்க வைத்திருக்கிறதா என்று பார்த்தேன்.
எல்லாம் விழித்திருந்தன.
பக்கத்து முள்வரிசைக்கு மாற்றிக் குத்தினேன்.
முள் ஒன்பது.
பத்தாவது இருக்கவேண்டிய இடத்தில்
பல் விழுந்த ஈறு.
அது விழுந்ததல்ல, தப்பாகச் செருகக்கூடாதென்று
வேண்டுமென்றே விட்ட இடம் என்கிறது கையேடு,
பதினேழாம் பக்கத்தில்.
என் கேபினட்டில் வருவதோ தனித்தனி வயர்கள்,
தலைக்கொரு தொப்பி,
தொப்பியில் எழுத்து தேய்ந்தது.
அதைப் பற்றிக் கையேடு வாய் திறக்கவில்லை.

நாலரைக்குக் கதவு தட்டியது டனிட்சா.
படகின் சரிவுப்பலகையை இறக்குகிறவள்.
அவளுக்கும் இன்று வேலையில்லை.
கையில் ரொட்டிப்பை, பல்லிடுக்கில் பென்டிரைவ்.
"தம்பியோட லாரி. விக்கணும்.
வாங்கறவன் படம் கேக்கறான்."
"முன்னால செருகாதே" என்பதற்குள்
செருகிவிட்டாள்.
"எரியுதே?"
"எரியும். பேசாது."

குந்தி உட்கார்ந்தாள்.
"முதல்ல மெயினை அணை" என்றாள்,
சங்கிலி மாட்டாமல் ஒருநாளும் பலகை இறக்காதவள்.
"சிவப்பு?"
"கரண்டு."
"கறுப்பு?"
"தரை."
"நடுவுல இந்த வெள்ளையும் பச்சையும்?"
"பேச்சு அது வழியாத்தான்."
"ஒண்ணு போக, ஒண்ணு வரவா?"
"இல்லை. ரெண்டும் சேர்ந்தாத்தான் ஒரு சொல்."
அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கையேட்டை ஹீட்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்,
பிறகு போர்டை,
பிறகு என்னை.
"வெள்ளை ரெண்டாவதுன்னு போட்டிருக்கான்.
நீ மூணாவதுல குத்தியிருக்கே."

ஆறு மணிநேரம் நான் பார்த்த அதே படம்.

மீன்முள் எடுக்கிற இடுக்கியால்
பச்சையைப் பிடுங்கி, வெள்ளையைப் பிடுங்கி,
இடம் மாற்றி அழுத்தினாள்.
மெயினைப் போட்டேன்.
டிங் என்றது.

முப்பத்தொரு படம்.
லாரி முன்னால், லாரி பின்னால்,
வழுக்கை டயர் (அதை அழி என்றாள்),
கிலோமீட்டர் முள், கிழிந்த சீட்.
பத்தொன்பதாவதில் பக்கக் கண்ணாடிக்குள்
படம் எடுக்கிறவன் தெரிந்தான்,
கம்பளிக் குல்லாய், பாதி முகம்,
ஒரு கண்ணை மூடியபடி.

கொஞ்ச நேரம் ரொட்டியைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.
"இதை அனுப்பாதே."
"அழிக்கவா?"
"அனுப்பாதேன்னுதான் சொன்னேன்."

இரண்டாவது யூஎஸ்பி இன்னும் ஊமைதான்.
அந்த வரிசையில் பச்சையின் தொப்பி
கழற்றும்போதே உடைந்துவிட்டது.
போகட்டும்.
வானொலியில் காற்று நூற்றுப்பத்து என்கிறார்கள்.
நாளைக்கும் துறை திறக்காது.