தீப்பெட்டி

இகேஜாவில், ஒட்டிக்பா தெருவில்,
குடைக்கடியில் ஒரு மேசை. அதுதான் என் கடை.
போனைத் திறந்த மறுநொடி
வெளிச்சம் போய்விடும்.
லாகோஸில் மின்சாரம் போவது பழகிப்போனது.
இது தலை.
போனுக்குச் சொந்தக்காரரின் தலை.

மூச்சை வைத்தே ஆளைச் சொல்வேன்.
வேர்க்கடலை மென்றவர் அவசரக்காரர்.
புதினா மிட்டாய் என்றால் பேரம் பேசுவார்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம்தான் எனக்குப் பயம்.
கண்கொத்திப் பாம்பு.
"எபியேரே, அந்தச் சிவப்பு ஒயர் எதற்கு?"
"அதை ஏன் இடதுபக்கம் வைத்தாய்?"
கேட்டுக்கொண்டே ஒரு விரல்
என் விரல்களுக்கு நடுவில் வந்து சுட்டும்.

எல்லாம் செய்து பார்த்தேன்.
நாற்காலி போட்டேன்,
அதைத் தூக்கிக்கொண்டு இன்னும் கிட்டே வந்தார்கள்.
ஜெனரேட்டரைப் பக்கத்தில் இழுத்து வைத்தேன்,
புகையில் இருமியபடியே குனிந்தார்கள்.
தக்காளி விலை கேட்டேன்,
விலையைச் சொன்னார்கள், கண்ணை எடுக்கவில்லை.

அப்புறம் வந்ததுதான் இந்தத் தகர டப்பா.
செத்த போன்களிலிருந்து பொறுக்கிய திருகாணிகள்,
எள்ளைவிடச் சின்னவை.
ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைப்பேன்.
"பத்திரம். விழுந்தால் கிடைக்காது.
இது இல்லாமல் மூட முடியாது."
அவ்வளவுதான்.
கை குவியும். முழங்கை விலாவோடு ஒட்டும்.
கால் தானாக ஓரடி பின்னால் போகும்.
தும்மல் வந்தாலும் விழுங்கிவிடுவார்கள்.
வெயில் மறுபடி மேசைக்கு வரும்.
வேலை முடிந்ததும் வாங்கி
போனுக்குள் போடுவதுபோல் குனிந்து
டப்பாவில் போட்டுவிடுவேன்.
மூன்று வருஷம். ஒருத்தருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

பித்ருஸ், வங்கி வாசல் காவலாளி.
பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்.
வேறொரு கடையில் அவர் பேட்டரியை எடுத்துக்கொண்டு
உப்பிப்போன ஒன்றை உள்ளே வைத்துவிட்டார்களாம்.
அதனால் அவர் தொப்பி என் நெற்றியில் இடித்தது.
கொடுத்தேன் திருகாணி.
நாற்பது நிமிஷம் கொடிமரம்.
போனை மூடிய நேரம் மழை பிடித்துக்கொண்டது.
குடை பறந்தது, மேசையை இழுத்துக்கொண்டு நான் ஓடினேன்.
நைரா நோட்டுகளை என் பையில் திணித்துவிட்டு
அவரும் ஓடினார்,
ஒரு கையை மட்டும் மூடியபடி.

மறுநாள் நான் கடை விரிக்கும் முன்பே நிற்கிறார்.
இராப்பணி கண்ணில் சிவந்திருக்கிறது.
சட்டைப்பையில் தீப்பெட்டி,
தீப்பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் அது.
"தெரியாமல் கொண்டுபோய்விட்டேன், மன்னித்துவிடு.
ராத்திரி முழுக்க போனை அசைக்கவில்லை.
மணி அடித்தது, எடுக்கவில்லை.
உள்ளே ஏதாவது கழன்றுவிட்டால்?"

சொல்லியிருக்கலாம்.
நாக்கு நுனிவரை வந்தது.
போனைத் திறந்தேன்.
எல்லாத் துளையிலும் அதனதன் திருகாணி.
இதற்கு இடமே இல்லை.
நிமிர்ந்தால்
அவர் முதுகைக் காட்டி நிற்கிறார்,
மஞ்சள் பேருந்துகளை எண்ணுகிறவர்போல.
"நீ செய். நான் பார்த்தால் உனக்குக் கை ஓடாது."

வெளிச்சம் முழுசாக மேசைமேல்.
மூச்சில்லை, தொப்பியில்லை, விரலில்லை.
திருப்புளி வழுக்கியது.
இரண்டாவது தடவையும் வழுக்கியது.

ஓரத்துத் துளையில் இருந்ததைக் கழற்றினேன்.
தீப்பெட்டியில் வந்ததை அங்கே முறுக்கினேன்.
பொருந்திக்கொண்டது.

"முடிந்ததா?" திரும்பாமலே கேட்டார்.
"முடிந்தது. இனி எடுத்துப் பேசலாம்."
அங்கேயே நின்று யாரையோ அழைத்தார்,
சத்தமாக, சிரித்துக்கொண்டு,
போனைக் காதில் அழுத்திக்கொண்டு நடந்தார்.

தீப்பெட்டி மேசையிலேயே கிடந்தது.
கழற்றியதை டப்பாவில் போட மனம் வரவில்லை,
பஞ்சில் வைத்து மூடினேன்.
ஆக, அவர் பயந்தபடியே
அவர் போனிலிருந்து ஒன்றை
எடுத்துக்கொண்டுவிட்டேன்.