நான்கு நூல்

கடைசி வண்டி போன பிறகுதான் எங்களை உள்ளே விட்டார்கள்.
பேசிக் முக்காலியைத் தோளில் சுமந்தான், நான் விளக்கை.
நகரும் படிகள் நின்றிருந்தன.
நின்ற படிகளில் இறங்குவது வேறு வேலை:
ஒவ்வொன்றும் நினைத்ததைவிட ஒரு பிடி உயரம்,
முழங்கால் ஏமாந்து ஏமாந்து கணக்கு வைக்கும்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
மேலே திபிலீசியில் பனித்தூறல்; இங்கே
ஆண்டு முழுவதும் ஒரே பருவம்,
ஈரக் கல்லும் எந்திர எண்ணெயும் மணக்கும் பருவம்.

பழைய வரைபடம் இல்லை.
எலி தின்றது என்கிறது அலுவலகம்,
ஈரம் தின்றது என்கிறது ஆவணக் காப்பகம்.
ஆகவே அளக்கிறோம்.
நடுக்கூடம், இருபுறமும் மேடைகள்,
பக்கத்துக்குப் பத்தொன்பது தூண்கள்,
சிவந்த சலவைக்கல் போர்த்தியவை,
ஆள் சாய்ந்து சாய்ந்து தோள் உயரத்தில் மட்டும் மெருகேறியவை.
இன்று மாலை ஒருத்தி யாருக்காகவோ
எந்தத் தூணருகே நிற்கலாம் என்பதை
யாரோ என்றோ பென்சிலால் முடிவு செய்திருக்கிறார்.

வடக்கு வரிசை. தூணிலிருந்து மேடை விளிம்புக்கு
முதலில் சரியாக மூன்று மீட்டர்.
இரண்டாம் தூணில் குறைந்தது,
கருவியின் மொழியை விட்டு மேஸ்திரி மொழியில் சொன்னால்
நான்கு நூல்.
கருவியைத் திட்டினான் பேசிக்.
மூன்றாவதில் இன்னொரு நான்கு நூல்.
ரசமட்டம் பார்த்தோம். முக்காலியை மாற்றி வைத்தோம்.
பத்தொன்பதாவதில்
ஒரு சாண் காணவில்லை.

குனிந்து விளக்கைத் தரையோடு படுக்க வைத்தேன்.
விளிம்போரச் சாம்பல் கற்கள்,
ஒவ்வொன்றும் ஒரு தலை அகன்று மறு தலை ஒடுங்கி,
தையற்காரர் வெட்டிப் போட்ட சட்டைக்கை போல.
இரண்டு குழுக்கள்
மலைக்குள் ஒன்றையொன்று பாராமல் குடைந்து வந்து
ஒரு சாண் கோணி நின்றிருக்க வேண்டும்.
திறப்புவிழாத் தேதி அதற்குள் அச்சாகியிருக்கும்.
அப்போது ஒருவர், பெயர் எலிக்கோ ஈரத்துக்கோ போய்விட்டது,
பிழையை ஒரே இடத்தில் குவிய விடாமல்
பதினெட்டு இடைவெளிக்கும்
பந்தியில் உப்பு வைப்பது போலக்
கொஞ்சம் கொஞ்சமாகப் பரிமாறியிருக்கிறார்.
கண் நான்கு நூலை மன்னிக்கும்.
சாணை மன்னிக்காது.

"நாற்பது வருடமாக ஒருவருக்கும் தெரியவில்லை" என்றேன்.
"எனக்குத் தெரியும்."
அகலத் துடைப்பானை மேடை நெடுகத் தள்ளி வந்த ஏதெரி.
"அந்தக் கோடியில் மூன்று தள்ளு தாராளம்.
இந்தக் கோடிக்கு வந்தால் மூன்றாவதில்
கட்டை தூணில் இடிக்கும்.
துடைப்பான் ஊறிப் பெருத்துவிட்டது என்று
வந்த புதிதில் இரண்டு முறை
கிடங்குக்காரனோடு சண்டை போட்டேன்."

விடியுமுன் கணினியில் புள்ளிகளை ஏற்றினேன்.
ஏறக்குறைய இணைகோடுகள், என்றது.
இணையாக்கிவிடவா?
"ஆக்கிவிடு, யார் பார்க்கப் போகிறார்கள்"
என்றான் பேசிக், கொட்டாவிக்கு நடுவே.
வேண்டாம் என்பதை அழுத்தினேன்.
மறுபடி கேட்டது. மறுபடி அழுத்தினேன்.

ஆறு மணிக்கு உறுமிக்கொண்டு படிகள் நகர்ந்தன.
ரொட்டிப் பையோடு ஒருவர், முதல் ஆள்,
கூடம் முழுவதும் காலியாக இருக்கக்
கடைசித் தூண்வரை நடந்து வந்து
தோளைச் சாய்த்துக் கண்ணை மூடினார்.
வண்டிக்கு முன்னே வரும் காற்று வந்தது.
ஏதெரி துடைப்பானை
அவர் காலணியைச் சுற்றித் திருப்பிக்கொண்டாள்.