நாற்பத்து மூன்று

திறப்பைத் திருப்பினேன்.
இருக்கைக்குக் கீழே ஒரு பல்லி சொன்னது:
டிக் டிக் டிக் டிக்.
எந்தத் திசையில் சொன்னால் என்ன பலனென்று
பஞ்சாங்கத்தில் இருக்கும்.
ஸ்டார்ட்டர் ரிலே சொன்னால் ஒரே பலன்தான்:
லாங்கென்தாலில், விடிய நாலே முக்காலுக்கு,
முதல் பஸ் ஓடாத நேரத்தில்
நடக்கப் போகிறாய்.

பாண் போறணைக்கு ஏழு நிமிடம் பிந்திப் போனேன்.

இது இரண்டாவது பற்றறி.
முதலாவதைக் குளிர் கொன்றது என்றார்கள், நம்பினேன்.
இந்த நாட்டில் குளிரின் மேல் பழி போட்டால்
ஒருவரும் மறுத்துப் பேசுவதில்லை.
முழங்கால் வலிக்கும் அதுதான் காரணம்.
என் கலியாணம் முறிந்ததற்கும் அதுதான் என்று
ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்,
தலையாட்டினார்கள்.
தொண்ணூற்றைந்து பிராங்குக்குப் புதியது.
எட்டு நாள் லீவில் வண்டி நின்றது.
ஒன்பதாம் நாள் பல்லி.

சனிக்கிழமை, நிலத்தடித் தரிப்பிடம்.
அங்கே விளக்கு மூன்று நிமிடத்தில் அணையும்,
கையை ஆட்டினால் திரும்ப எரியும்.
கழற்றும்போது முதலில் மைனஸ்.
பூட்டும்போது அது கடைசி.
மாற்றிச் செய்து சாவி இரும்பில் பட்டால்
தீபாவளி.

இரவு முழுக்கச் சார்ஜில் கிடந்த பற்றறி
பன்னிரண்டு புள்ளி எட்டு வோல்ட் காட்டியது,
நான் ஒன்றும் செய்யவில்லை என்று நிற்கும்
பிள்ளையின் முகத்தோடு.
அப்படியென்றால் கள்ளன் வண்டிக்குள்.

மைனஸ் முனைக்கும் அதன் வயருக்கும் நடுவில்
மீற்றரை வைத்தேன். திறப்பு என் சட்டைப்பையில்.
கடிகாரத்துக்கு இரண்டு மில்லி அம்பியர் போகலாம்.
போவது நாற்பத்து மூன்று.
உறங்குகிறேன் என்றபடி
உறங்காமல் குடிக்கிறது வண்டி.

ஃபியூஸ்களைப் பிடுங்கினேன்.
ஹோர்ன், நாற்பத்து மூன்று.
முன்விளக்கு, நாற்பத்து மூன்று.
சிக்னல்.
இருட்டு. கையை ஆட்டினேன்.
நாற்பத்து மூன்று.

பின் மட்காட்டுக்கு மேலே, ஸ்பொஞ்சுக்குள்,
கறுப்பு நாடா சுற்றிய தீப்பெட்டி அளவில் ஒன்று.
ஃபியூஸ் பெட்டியில் ஒரு வார்த்தை கேளாமல்
நேரே பற்றறியில் வாய் வைத்திருந்தது
அதன் சிவப்பு வயர்.
பச்சைப் புள்ளி ஒன்று
நான் பார்க்கப் பார்க்கக் கண்ணைச் சிமிட்டியது.

ஒக்டோபரில் இந்த ஹொண்டாவை வாங்கியதிலிருந்து
நான் போன இடமெல்லாம்
யாருக்கோ தெரிந்திருக்கிறது.
வேலைக்கு. வேலையிலிருந்து.
ஒரு ஞாயிறு, எவருக்கும் சொல்லாமல்,
தூன் ஏரிக்கு.

விற்ற அம்மாவுக்கு அழைத்தேன்,
கோபத்தை ஜெர்மன் இலக்கணத்தில்
ரெண்டுதரம் ஒத்திகை பார்த்துவிட்டு.
ஏபிஷர் அம்மா குறுக்கிடாமல் கேட்டார். பிறகு,
அது ஹான்சுவேலி பூட்டியது, என்றார்.
களவு போகாமலிருக்க.
அவருடைய போன் லாச்சிக்குள் இருக்கிறது.
போன மாதம் இரவிரவாகச் சத்தம் போட்டது,
பற்றறி குறைவு, பற்றறி குறைவு என்று.
போனுக்குத்தான் குறைவென்று நினைத்து
நான் எழும்பி எழும்பி
அதைச் சார்ஜில் போட்டேன்.

ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் பொருந்தவில்லை.
வெட்டட்டுமா, என்றேன்.
அவர் கணக்கில் மாதம் ஆறு பிராங் எதற்கோ போகிறது,
இதற்குத்தானோ, என்றார்.
பிறகு: வெட்டுங்கள். நானும் நித்திரை கொள்ள வேண்டும்.

வைக்கப் போனவர் கேட்டார்:
அன்றைக்கு ஏரியில் மழையா?

ஏரி என்று நான் சொல்லியிருக்கவில்லை.

இல்லை, வெயில், என்றேன்.
நல்லது, என்றார்.

வெட்டினேன்.
பச்சை இன்னும் ஒருதரம் சிமிட்டியது,
உள்ளே ஏதோ மிச்சம் இருந்திருக்கும்.
வயர் நுனியில் நாடா சுற்றி,
முனைகளுக்கு வசிலின் தடவி,
மீற்றரைப் பார்த்தேன்.
இரண்டு.
அது கடிகாரம். குடிக்கட்டும்.

விளக்கு அணைந்தது.
கொஞ்ச நேரம்
கையை ஆட்டாமல் இருந்தேன்.