செக்குபந்தி

தாராபுரம் கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில்
ஜெராக்ஸ் கடைக்கும் இளநீர்க்காரருக்கும் நடுவே
ஆறடிக்கு நாலடி.
ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர்,
பதினோரு வருசமாக நான்.

விண்ணப்பம் காலையிலிருந்து திறந்தே கிடக்கிறது.
மூன்றாண்டுச் சட்டப்படிப்பு.
விரும்பும் கல்லூரிகளை வரிசைப்படுத்துக என்கிறது.
வரிசைப்படுத்துவதற்குள்
ரெண்டு வக்காலத்து, ஒரு வாய்தா மனு,
மகனுக்கு ஜாமீன் கேட்டு அழுதுகொண்டே ஒரு அம்மா.

விரலெல்லாம் பத்திரத் தமிழ்.
சொந்த விசயத்துக்கும் அதுதான் வருகிறது:
வடக்கே சேலம்,
கிழக்கே திருச்சி,
தெற்கே மதுரை,
மேற்கே கோயமுத்தூர்,
இதற்கு மத்தியில்
முப்பத்து மூணு வயசு, ஒரு பி.காம்.,
கூட்டுறவு வங்கியில் ஒரு நகைக்கடன்,
ஆறாவது படிக்கும் மிதுனா சகிதம்.

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை.
குமாஸ்தா சென்னியப்பன் சொன்னார்:
‘எதுக்கு அம்மிணி அலையறே?
ஸ்டேட்டு எல்லை தாண்டினா ஒரு காலேஜ் இருக்குது.
பரீட்சைக்கு மட்டும் பஸ் ஏறு.
அட்டெண்டன்ஸ் அவிங்களே பாத்துக்குவாங்க.
பணம் ரெண்டு தவணை.’
விசிட்டிங் கார்டைக் கீபோர்டு மேலேயே
வைத்துவிட்டுப் போனார்.

ஜூனியர் பிரபாவதி மெதுவாகச் சொன்னாள்:
‘கிளாசுக்குப் போற காலேஜாப் பாருங்கக்கா.’
அவள் எங்கே படித்தாள் என்று
நான் கேட்டதில்லை.
ஜெராக்ஸ் கடைக்காரருக்கு ஒரே கவலைதான்:
‘இந்த எடத்த உள்வாடகைக்கு உடுவீங்களா?’

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில்
பழைய ஃபைல் ஒன்றைத் திறந்தேன்.
வாதி, பொன்னாத்தாள்.
பதினாறடி அகல வண்டித்தடம்.
வேலிக்கு வடபுறம் என்பதைத்
தென்புறம் என்று அடித்தவள் நான்.
அன்றைக்கு மிதுனாவுக்குக் காய்ச்சல்.
வக்கீல் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.
பொன்னாத்தாள் கைநாட்டு வைத்தாள்.
எதிர்த்தரப்பு ஒன்றுதான்
அதை முழுசாகப் படித்தது.

திருத்த மனு, அதற்கு ஆட்சேபணை,
ஆட்சேபணைக்கு வாய்தா,
நாலு வருசம்.
இன்றைக்கும் கறந்த பாலைத் தூக்குப்போசியில்
அடுத்தவர் வரப்பு மேல்தான் கொண்டு வருகிறாள்.
போன மாசம் ஒரு பை அவரைக்காய் கொடுத்து,
‘உன்ற மேல என்ன தப்பு அம்மிணி,
மிசினு மாத்தி அடிச்சிருக்கும்’ என்றாள்.

அந்த வக்கீலின் பட்டம்
நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிக்குள் தொங்குகிறது.
ஒருநாள் கட்டு கொடுக்கப் போனபோது
எட்டிப் பார்த்தேன், எந்தக் கல்லூரி என்று.
நல்ல கல்லூரிதான். பெரிய பேர்.
படிக்காமல் கையெழுத்துப் போடுவதற்கு
எல்லை தாண்ட வேண்டியதில்லை.

சென்னியப்பன் கார்டின் பின்பக்கம்
பஸ் நேரம் எழுதினேன்.
அஞ்சே காலுக்கு ஒன்று, பல்லடம் வழி.
சிங்காநல்லூரில் இறங்கி மருதமலை வண்டி.
திரும்ப இருட்டிவிடும்,
அந்நேரம் கோர்ட்டு பூட்டியிருக்கும்.
ராத்திரி வேலையில் பாதிக் காசு வரும்,
வளையல் இன்னொன்று போகும்.
மிதுனா தானே போட்டுச் சாப்பிடுவாள் என்று எழுதி,
அடித்து,
மறுபடி எழுதினேன்.

முதல் விருப்பம் கோயமுத்தூர்.
இரண்டாவது சேலம்.
மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டேன்.

சமர்ப்பிக்கும் முன் சரிபார்க்கவும் என்றது திரை.
பதினோரு வருசத்தில் ஆயிரம் தடவை
தாண்டிப் போன வரி.
பேர், பிறந்த தேதி, தகப்பன் பேர்,
விரலால் தொட்டுத் தொட்டு
உரக்கவே படித்தேன்.
கதவு எண்ணில் ஒரு ஒன்று கூடுதல்.
எடுத்துவிட்டு
மறுபடி தலையிலிருந்து.

அரிவாளை நிறுத்தி
இளநீர்க்காரர் எட்டிப் பார்த்தார்.
‘ஆரு கேசுங்க?’

‘என்றதுதானுங்க.’