இரண்டு அங்குலம்

மூன்று பவுனுக்கு வாங்கிய சைக்கிள்.
விற்றவன் சொந்தக்காரன் இல்லை.
சொந்தக்காரன் எங்கே என்று
எங்கள் தகரக் கொட்டகையில் யாரும் கேட்பதில்லை.
அடுப்பில் கரி போடுகிறோம்,
தூள் முட்டையைத் திட்டுகிறோம்.
நிஜ முட்டை பொரித்துத் தரும் விடியலில்
எவனும் வாய் திறப்பதில்லை;
அன்று பறக்க வேண்டும்.

மேகம் இறங்கிய ஒரு நாள். பறப்பு ரத்து.
சஃபோக்கின் பீட்ரூட் வயல்களுக்கு நடுவே
எட்டாத பெடலை எட்டி எட்டி மிதித்துப் போனேன்.
ஏதோ ஒரு வீட்டெதிரே பிரேக்
பன்றிக்குட்டியாய்க் கத்தியது.

நான் தட்டவேயில்லை. கதவு திறந்தது.
ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தபடி ஒருத்தி,
அக்குளில் பழுப்புத் தாள் சுற்றிய சட்டைகள்.
"ஒன்பது நாளாச்சு, எமில், எங்கே போய்த்…"
என் முகத்தைப் பார்த்தாள்.
பிறகு, தொங்கும் என் கால்களை.

சொல்வதற்கு ஒரு வாக்கியம் இருந்தது.
ஒஹையோவிலிருந்து கொண்டுவந்த நாக்கு
அதைத் தூக்கவில்லை.

உள்ளே போனாள். வெகுநேரம்.
கெட்டில் கூவிக் கூவி அடங்கியது.
ஸ்பானரோடு வந்தாள்.
துருப்பிடித்த நட்டு;
முழங்காலால் சக்கரத்தை இறுக்கிக்கொண்டு
சீட்டை இரண்டு அங்குலம் இறக்கினாள்.

"அழுக்குத் துணியைச் செவ்வாய்க்கிழமை கொண்டா.
சோப்பு நீதான் தரணும்.
அவன் தருவான்."